எல்லையோரத்தில் எங்கள் சேவைச் சங்கம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கண் முகாம் முடிந்தால் போதும், அடுத்த ஒரு மாதம் எங்கள் உறுப்பினர்களின் போன் ஓயாது. கேட்கிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான். பதில் சொல்வதில் எங்களுக்கு அலுப்பில்லை. கேட்கத் தயங்கி வீட்டிலேயே இருந்துவிடுகிறவர்களை நினைத்துத்தான் கவலை. அவர்கள் கையில் கிடைக்கட்டும் என்று செயலாளர் பொறுப்பிலிருந்து இதை எழுதுகிறேன். இந்த ஆண்டு நடந்தவையும் இடையிடையே வரும்.

நீங்கள் எந்த ஊர்? யாருக்காக வேலை செய்கிறீர்கள்?

பாலக்காடு மாவட்டம், சித்தூர் தாலுகாவின் கிழக்கு ஓரம். கொழிஞ்சாம்பாறையை நடுவில் வைத்துக்கொண்டு வேலந்தாவளம், எருத்தேம்பதி, வடகரப்பதி, கோபாலபுரம் என்று சுற்றியிருக்கிற ஊர்கள். வீட்டில் தமிழ் பேசி, அலுவலகத்தில் மலையாளம் படித்து, பெரிய வைத்தியத்துக்குக் கோயம்புத்தூர் பஸ் ஏறுகிற மக்கள் நாங்கள். ரேஷன் அட்டை கேரளத்துடையது. பெண் கொடுத்ததும் எடுத்ததும் பொள்ளாச்சிப் பக்கம். இந்த வட்டாரத்தில் யார் வந்து கேட்டாலும் எங்களால் முடிந்ததைச் செய்கிறோம். சாதி, மதம், கட்சி விசாரிப்பதில்லை.

சங்கம் எப்படித் தொடங்கியது?

2020இல் கொரோனாவுக்காக மாநில எல்லைகள் அடைக்கப்பட்ட மாதங்களில். அதற்கு முன்னால் எங்களுக்கு எல்லை என்று ஒன்று இருப்பதே மறந்துபோயிருந்தது. திடீரென்று சோதனைச்சாவடியில் தடுப்பு வந்தது, பஸ் நின்றது. கோவையில் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கு மாத்திரை தீர்ந்துபோனது. சிறுநீரக மாற்று அறுவை செய்துகொண்டவர் ஒருவர், வலிப்பு நோய் உள்ள ஒரு சிறுமி, இன்னும் பலர். சில மருந்துகள் உள்ளூர்க் கடையில் கிடைக்காது. ஒருநாள் தவறினாலும் ஆபத்து.

மருந்துக்கடைக்காரர் ஒருவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் பேர் எழுதத் தொடங்கினார்கள். அந்தப் பக்கத்துச் சொந்தக்காரர் யாராவது கோவையில் மருந்து வாங்கித் தடுப்பு வரை கொண்டுவருவார். காவலில் இருந்தவர்களிடம் சொல்லி அனுமதி கேட்டு, இந்தப் பக்கம் நாங்கள் வாங்கிக்கொள்வோம். பையின்மேல் பேரும் வீட்டு அடையாளமும் எழுதியிருக்கும். வாங்கினால் முடிந்தது என்று இருக்க முடியாது. முப்பதாம் நாள் அதே மருந்து மறுபடி வேண்டும். அடுத்த மாதம், அதற்கடுத்த மாதம் என்று அதே வீடுகளுக்குப் போய்க்கொண்டே இருந்தோம். பாதை திறந்த பிறகும் அந்த நோட்டுப் புத்தகத்தை மூடிவைக்க மனம் வரவில்லை. அதுதான் சங்கமாக ஆனது.

ரோட்டரி, லயன்ஸ் மாதிரி அமைப்பா? அவர்களோடு தொடர்பு உண்டா?

கிளைச் சங்கமாக நாங்கள் எதிலும் சேரவில்லை. ஆனால் சேவைச் சங்கம் என்ற வழக்கத்தையே உலகுக்குக் காட்டியவர்கள் அவர்கள், கற்றுக்கொண்டது நிறைய. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது ரோட்டரி. உறுப்பினர்களின் அலுவலகங்களில் முறைவைத்துச் சுழற்சியாகக் கூடியதால் அந்தப் பெயர். அதே நகரில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியால் பிறந்தது லயன்ஸ். 1925இல் லயன்ஸ் மாநாட்டுக்கு வந்த, பார்வையும் செவித்திறனும் இழந்த எழுத்தாளர் ஹெலன் கெல்லர், பார்வையற்றோருக்காகப் போராட வாருங்கள் என்று அவர்களை அழைத்தார். லயன்ஸ் சங்கத்தார் இன்றுவரை கண் முகாம்களைத் தங்கள் தலையாய வேலையாக வைத்திருப்பது அந்த அழைப்பிலிருந்துதான்.

ரோட்டரியிடம் நான் மிகவும் மதிப்பது போலியோ வேலை. 1985இல் உலகம் முழுவதுக்குமாக அதைக் கையில் எடுத்தார்கள். இந்தியாவில் கடைசிப் போலியோ பாதிப்பு 2011 ஜனவரியில் ஹவுராவில் பதிவானது. 2014 மார்ச் 27 அன்று நம் நாடு அடங்கிய தென்கிழக்கு ஆசியா போலியோ இல்லாத பகுதியாகச் சான்று பெற்றது. அரசும் ஊழியர்களும் உலக சுகாதார நிறுவனமும் தோள் கொடுத்த வேலை அது. சொட்டு மருந்து ஒருமுறை கொடுத்தால் போதாது. அதே குழந்தைக்கு, அதே தெருவில், மறுபடி மறுபடி கொடுக்க வேண்டும். கதவைத் தட்டிய கைகள் சலித்திருந்தால் அந்த நாள் வந்திருக்காது.

கண் சிகிச்சை முகாமில் என்னென்ன பார்ப்பார்கள்?

கோவையிலிருந்து ஒரு கண் மருத்துவமனைக் குழு வருகிறது. முதலில் பெயர்ப் பதிவு. பிறகு எழுத்து அட்டையைப் படிக்கச் சொல்லிப் பார்வைச் சோதனை. தமிழ் எழுத்து அட்டையும் படிக்காதவர்களுக்கான வடிவ அட்டையும் இருக்கும். கண்ணின் அழுத்தம், ரத்த அழுத்தம், சர்க்கரை பார்ப்பார்கள். கண்புரை முற்றியவர்களை அன்று மாலையே பஸ்ஸில் அழைத்துப் போய், அறுவை முடித்து, ஓரிரு நாளில் திரும்பக் கொண்டுவந்து விடுவார்கள். கண்ணுக்குள் செயற்கை வில்லை வைத்துவிடுவதால், பழைய காலத்துக் கண்ணாடிப் புட்டியின் அடிபோன்ற தடித்த மூக்குக்கண்ணாடி இப்போது தேவைப்படுவதில்லை.

இந்த வில்லையைப் பற்றி ஒரு வார்த்தை. ஒருகாலத்தில் வெளிநாட்டிலிருந்து வந்தாக வேண்டும். ஏழைக்கு எட்டாத விலை. மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் பதினொரு படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனையின் முயற்சியால், 1992 முதல் அதன் தயாரிப்புப் பிரிவான ஆரோலேப் மதுரையிலேயே குறைந்த விலைக்கு அவற்றைச் செய்யத் தொடங்கியது. அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற பிறகு, மூட்டுவாதத்தால் விரல்கள் கோணிய கைகளோடு அவர் தொடங்கிய வேலை அது. கிராமத்துக் கண் முகாம் என்று நாம் இன்று சாதாரணமாகச் சொல்வதற்குப் பின்னால் அப்படிப்பட்டவர்களின் உழைப்பு இருக்கிறது.

அறுவை முடிந்த பிறகும் உங்கள் ஆட்கள் ஏன் வீட்டுக்கு வந்துகொண்டே இருக்கிறார்கள்?

நன்கொடை கேட்க வருகிறார்கள் என்று சிலர் நினைப்பதுண்டு. இல்லை, மருந்துப் பாட்டிலைப் பார்க்க வருகிறோம். காரணத்தைச் சொல்லிவிடுகிறேன்.

தொடக்கத்தில் நாங்கள் முகாம் நாளையே பெரிதாக நினைத்தோம். பந்தல், நாற்காலி, சாப்பாடு, பஸ் எல்லாம் குறையில்லாமல் நடந்தால் நிம்மதியாகத் தூங்கப் போய்விடுவோம். எருத்தேம்பதிப் பக்கத்து ஆத்தா ஒருவருக்கு அறுவை நன்றாக முடிந்திருந்தது. ஒன்பதாம் நாள் ரேஷன் கடை வரிசையில் எங்கள் உறுப்பினர் ஒருவர் தற்செயலாக அவரைப் பார்த்தார். கண் சிவந்து நீர் வடிந்துகொண்டிருந்தது. சொட்டு மருந்து விடுகிறீர்களா என்று கேட்டதற்கு, "கண்தான் நன்றாகத் தெரிகிறதே அம்மிணி, இனி எதற்கு மருந்து?" என்றார். ஐந்தாம் நாளே நிறுத்திவிட்டார். மருமகள் விடியற்காலையில் தேங்காய் உரிக்கப் போய்விடுவார். கேட்க வீட்டில் ஆள் இல்லை.

அன்றே அழைத்துப் போனோம், கண் பிழைத்தது. ஆனால் மருத்துவர் சொன்னதை நாங்கள் மறக்கவில்லை: இன்னும் சில நாள் விட்டிருந்தால் நிலைமை வேறு. அந்தக் குற்றம் ஆத்தாவுடையது இல்லை, எங்களுடையது. ஓடுகிற பஸ்ஸில், களைத்திருந்த மனிதர்களிடம், மருந்துச் சீட்டை ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு எங்கள் வேலை முடிந்தது என்று நினைத்தோம்.

அன்று முதல் முறை மாறியது. வீடு திரும்பிய மறுநாள், மூன்றாம் நாள், ஏழாம் நாள், பிறகு மறுபரிசோதனை முடியும்வரை வாரம் ஒருமுறை. ஒவ்வொரு தெருவுக்கும் ஒருவர் பொறுப்பு. இந்த ஆண்டு முகாமில், இத்தனை பேருக்குத்தான் எங்களால் வீட்டுக்குப் போக முடியும் என்று முதலிலேயே கணக்குப் போட்டு, அந்த அளவுக்கு மட்டுமே பெயர் பதிந்தோம். கூட்டம் குறைந்துவிட்டதே என்று சிலர் வருத்தப்பட்டார்கள். எனக்கு வருத்தமில்லை.

ஒரு நாளில் ஆறு முறை மருந்து விட வேண்டும் என்கிறார்கள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் எப்படி நினைவு வைப்பது?

இதற்கு வழி சொன்னவர் வடகரப்பதிப் பக்கத்து ஒரு ஆத்தா. அவருடைய சீட்டில் முதல் வாரம் நாளொன்றுக்கு ஆறு முறை, அடுத்த வாரம் ஐந்து, பிறகு நான்கு என்று வாரத்துக்கு ஒன்றாகக் குறைத்து எழுதியிருந்தது. மூன்றாம் நாள் போனபோது திண்ணையில் இரண்டு சிரட்டைகள் இருந்தன. ஒன்றில் நான்கு புளியங்கொட்டை, மற்றதில் இரண்டு. எதற்கு என்று கேட்டேன். ஒருமுறை மருந்து விட்டால் ஒரு கொட்டையை அந்தச் சிரட்டைக்கு மாற்றுவாராம். இரவு படுக்கும்போது இது காலியாக வேண்டும். மறுநாள் அங்கிருந்து இங்கே. வாரம் திரும்பும்போது ஒரு கொட்டையை வாசலில் எறிந்துவிட்டால் கணக்குத் தானே குறைந்துவிடும். காலையில் இரண்டு முறை விட்டாயிற்று என்று எனக்குச் சிரட்டையைச் சாய்த்துக் காட்டினார்.

இப்போது எங்கள் மருந்துப் பை ஒவ்வொன்றிலும் ஆறு புளியங்கொட்டை ஒரு துணியில் முடிந்து போடுகிறோம். எத்தனை முறை, எத்தனை வாரம் என்பது ஆளுக்கு ஆள் மாறும். உங்கள் சீட்டில் உள்ளதுதான் உங்களுக்கு. கொட்டையை எண்ணிப் போடும்போது எங்கள் ஆள் உங்கள் சீட்டைப் பார்த்துத்தான் போடுவார்.

சர்க்கரை நோய் இருந்தால் புரை அறுவை செய்யலாமா?

கட்டுக்குள் இருந்தால் செய்கிறார்கள். அதிகமாக இருந்தால் முதலில் குறைத்துக்கொண்டு வரச் சொல்வார்கள். அவர்களையும் நாங்கள் பட்டியலிலிருந்து எடுப்பதில்லை. அடுத்த முகாமில் முதல் பெயர் அவர்களுடையது. சர்க்கரை உள்ளவர்கள் புரை இல்லாவிட்டாலும் ஆண்டுக்கு ஒருமுறை விழித்திரையைச் சோதித்துக்கொள்ள வேண்டும்.

கண்தானம் செய்ய என்ன செய்ய வேண்டும்? கண்ணாடி போட்டவர்கள் கொடுக்கலாமா?

கொடுக்கலாம். புரை அறுவை செய்துகொண்டவர்களும் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கொடுக்கலாம், வயது தடையில்லை. வெறிநாய்க்கடி, எய்ட்ஸ், மஞ்சள் காமாலையை உண்டாக்கும் ஹெபடைடிஸ் கிருமி, ரத்தத்தில் பரவிய கடும் தொற்று போன்றவற்றால் இறந்தவர்களின் கண்களை எடுப்பதில்லை.

உயிர் பிரிந்து ஆறு மணி நேரத்துக்குள் எடுக்க வேண்டும். ஆகவே துக்க வீட்டில் யாராவது ஒருவர் திடமாக இருந்து கண் வங்கிக்குச் சொல்ல வேண்டும். மின்விசிறியை நிறுத்துங்கள். இமைகளை மூடி, சுத்தமான ஈரப் பஞ்சை மேலே வையுங்கள். தலைக்கு ஒரு தலையணை வைத்துச் சற்று உயர்த்துங்கள். எடுப்பதற்கு அரை மணி நேரம்கூட ஆகாது, முகம் விகாரமாகாது. எடுத்தார்களா என்று கேட்கும்படிதான் முகம் இருக்கும்.

உறுதிமொழி அட்டையில் கையெழுத்துப் போட்டிருந்தாலும் கடைசியில் சம்மதம் சொல்ல வேண்டியவர்கள் குடும்பத்தார். எனவே அட்டையைப் பெட்டியில் பூட்டாமல் மகனிடமும் மருமகளிடமும் இன்றே வாய்விட்டுச் சொல்லிவையுங்கள். இந்த ஆண்டு ஒரு வீட்டில் தாத்தாவின் விருப்பம் பேரனுக்கு மட்டும் தெரிந்திருந்தது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன். பெரியவர்கள் நடுவில் எழுந்து நின்று அவன் சொன்னதால்தான் அந்தக் கண்கள் போய்ச் சேர்ந்தன.

ரத்ததானம் யார் செய்யலாம்?

18 வயதுக்கு மேல், 65க்குள். முதல்முறை கொடுப்பவருக்கு 60க்குள் இருக்க வேண்டும். எடை குறைந்தது 45 கிலோ, ஹீமோகுளோபின் 12.5. ஆண்களுக்கு இரண்டு தானங்களுக்கு இடையில் 90 நாள், பெண்களுக்கு 120 நாள் கழிந்திருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வரக்கூடாது. ரத்தம் எடுப்பது உரிமம் பெற்ற ரத்த வங்கியின் குழு. சங்கம் இடமும் ஆளும் ஏற்பாடு செய்வதோடு சரி.

எங்கள் முகாமில் பல பெண்கள் ஹீமோகுளோபின் குறைவென்று திரும்பிப் போனார்கள். வெட்கத்தோடு போனார்கள், அது எனக்கு மனதை அறுத்தது. கொடுக்க வந்த மனசு அவர்களுடையது. இப்போது அவர்களின் பெயரை எழுதி வைத்து, ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போய் இரும்புச் சத்து மாத்திரைக்கு வழி செய்கிறோம். தானம் கொடுக்க வந்து தங்கள் ரத்தசோகையை அறிந்துகொண்டார்கள். அவர்களை அப்படியே விட்டுவிட முடியாது.

ரத்தம் கொடுத்த அன்று தென்னை ஏறலாமா?

ஏறக்கூடாது. இதை நான் அழுத்தமாகச் சொல்கிறேன். கேரளத்தின் மற்ற ஊர்களுக்குக் கள் போவதில் பெரும்பகுதி நம் சித்தூர் தாலுகாவிலிருந்துதான். மரம் ஏறுகிறவர்கள் நம்மிடம் அதிகம். பலர் மனமுவந்து கொடுக்க வருகிறார்கள். உயரத்தில் ஒரு நொடி தலை சுற்றினாலும் போதும். காலை ஏற்றம் முடிந்து நேரே வராதீர்கள். மறுநாளும் ஏற்றம் இல்லாத நாளாகப் பார்த்து வாருங்கள். மாலை ஏற்றத்துக்கு மாற்று ஆள் இல்லையென்றால் இந்தமுறை வேண்டாம், அடுத்தமுறை கொடுக்கலாம். லாரி ஓட்டுகிறவர்களுக்கும் இதுவே.

ரத்தம் கொடுத்தால் பணம் கிடைக்குமா?

கிடைக்காது, வாங்குவதும் சட்டப்படி குற்றம். பணத்துக்கு ரத்தம் விற்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பின்படி 1998 ஜனவரி 1 முதல் நாடு முழுவதும் தடை செய்யப்பட்டிருக்கிறது.

ஓய்வூதியம் திடீரென்று நின்றுவிட்டது. உதவுவீர்களா?

பெரும்பாலும் மஸ்டரிங் செய்யாததுதான் காரணமாக இருக்கும். கேரள அரசின் நலவாழ்வு ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் ஆண்டுதோறும் அரசின் சேவை மையமான அட்சயா மையத்தில் கைரேகை வைத்து உயிரோடு இருப்பதை உறுதி செய்ய வேண்டும். அறிவிப்பு மலையாளத்தில் வருவதால் நம் பெரியவர்கள் பலருக்குத் தெரியாமல் தேதி போய்விடுகிறது. ஆயுள் முழுவதும் நார் உரித்து, கடலைக்காய் பறித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை விழுவதில்லை என்பது இன்னொரு துன்பம். ரேகை விழாவிட்டால் பஞ்சாயத்தில் வாழ்வுச் சான்று கொடுக்க வழியிருக்கிறது. படுக்கையில் இருப்பவர்களுக்கு அட்சயா ஊழியர் வீட்டுக்கே வருவார். முன்கூட்டிச் சொல்லிவைக்க வேண்டும். படிவம் நிரப்ப, கூட வர, எங்கள் ஆட்கள் இருக்கிறார்கள். இந்த வேலைக்கு ஒரு ரூபாயும் வாங்குவதில்லை.

படுக்கையில் இருக்கிற நோயாளிகளுக்கு என்ன செய்கிறீர்கள்?

கேரளம் 2008இலேயே வலி தணிப்புப் பராமரிப்புக்குக் கொள்கை வகுத்த மாநிலம். பஞ்சாயத்தின் நர்ஸ் வீடு தேடி வருகிறார். நாங்கள் அவருக்குத் துணைக்குப் போகிறோம். நோயாளி தமிழில் சொல்வதைச் சரியாக எடுத்துச் சொல்வது அங்கே பெரிய உதவி. "குத்துகிறது", "கடுக்கிறது", "எரிகிறது" எல்லாம் வேறு வேறு வலி அல்லவா? பேச்சுத் துணைக்கு வாரம் ஒருமணி நேரம் தரக்கூடியவர்கள் இப்போது அவசரமாகத் தேவை.

கேரளத்துக் காப்பீட்டு அட்டை கோவை மருத்துவமனையில் செல்லுமா?

மருத்துவமனைக்கு மருத்துவமனை மாறும். தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் தமிழ்நாட்டு ரேஷன் அட்டைக் குடும்பங்களுக்கானது, நமக்குப் பொருந்தாது. நம்முடைய காருண்யா அட்டையை எடுத்துப் போகும் முன், அந்த மருத்துவமனை அதை ஏற்கிறதா, உங்கள் சிகிச்சைக்குப் பொருந்துமா என்று விசாரித்துவிட்டுப் புறப்படுங்கள். அட்மிட் ஆன பிறகு விசாரித்தால் பணம் கட்டித்தான் வெளியே வர வேண்டியிருக்கும். அவசர ஆம்புலன்சுக்கு இரு பக்கமும் 108 தான்.

பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன?

ஜூனில் பள்ளி திறக்கும்போது நோட்டுப் புத்தகம் கொடுத்தோம். அதைவிட முக்கியமாக நான் நினைப்பது பார்வைச் சோதனை. மக்கு என்று பேர் வாங்கிய ஒரு பிள்ளைக்குக் கரும்பலகையே தெரியவில்லை என்பதை இந்த ஆண்டு கண்டோம். கண்ணாடி மாட்டியதும் ஜன்னலுக்கு வெளியே பார்த்து, வேப்பமரத்தில் இலை தனித்தனியாக இருக்கிறது என்றாள். கேரளத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேர்வைத் தமிழ் வழியிலும் எழுதலாம். ஆனால் தமிழில் வழிகாட்டி நூலும் பழைய வினாத்தாளும் கிடைப்பது கடினம். ஆசிரியர்கள் சேகரித்துத் தருவதை நகலெடுத்துக் கொடுக்கிறோம்.

பழைய துணி கொடுக்கலாமா?

வேண்டாம். சங்கம் தொடங்கும் முன்பே, 2018 வெள்ளத்தின்போது ஊரில் நாங்கள் மூட்டை மூட்டையாகச் சேர்த்தோம். கிழிந்ததும் நைந்ததும் பிரிப்பதிலேயே நாள் போனது. 2024 ஜூலை 30 வயநாடு நிலச்சரிவுக்குப் பிறகு, அங்கே என்ன தேவை என்று கேட்டுத் தெரிந்துகொண்டு அதை மட்டும், புதிதாக, வாங்கி அனுப்பினோம். வீடிழந்தவர்கள் கையில் நாம் கொடுப்பது நாம் உடுத்தக்கூடியதாக இருக்க வேண்டும்.

உதவி பெறுகிறவர்களின் படம் ஏன் எங்கும் போடுவதில்லை?

நம் ஊரில் எல்லோரும் எல்லோரையும் அறிவார்கள். அரிசி வாங்கிய படம் அந்த வீட்டுப் பெண்ணின் கல்யாணப் பேச்சு வரை வரும். நன்கொடையாளர்களுக்குக் கணக்கு நோட்டும் ரசீதும் காட்டுகிறோம். மாதக் கூட்டத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம்.

பெண்கள் சேரலாமா? சந்தா எவ்வளவு?

வீடு வீடாகப் போகிறவர்களில் பெண்களே அதிகம். ரோட்டரியும் லயன்ஸும் பெண்களுக்குக் கதவு திறக்க 1980களின் இறுதி வரை ஆனது. எங்கள் நோட்டின் முதல் பக்கமே அந்த ஆசிரியையின் கையெழுத்து. சந்தா முடிந்தவர் முடிந்தது. கட்டாயமாகக் கேட்பது ஒன்றுதான்: ஒரு தெருவை ஏற்றுக்கொண்டால் அதன் மறுபரிசோதனை முடியும்வரை விடக்கூடாது.

அடுத்த கண் முகாமுக்கு என்ன கொண்டுவர வேண்டும்?

ஆதார் நகல், ரேஷன் அட்டை நகல், இப்போது சாப்பிடுகிற மாத்திரைகளின் அட்டை, பழைய மருத்துவச் சீட்டு இருந்தால் அதுவும். மாத்திரையின் பேர் தெரியாவிட்டால் அட்டையையே எடுத்து வாருங்கள். தங்க வேண்டியிருந்தால் மாற்றுத்துணி இரண்டு, ஒரு போர்வை. நகைகளைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிடுங்கள். தலைக்குக் குளித்துவிட்டு வாருங்கள். அறுவைக்குப் பிறகு சில நாள் தலையில் தண்ணீர் ஊற்ற விடமாட்டார்கள். வீட்டில் யாரிடம் பேச வேண்டும் என்ற போன் எண்ணை எழுதிக்கொண்டு வாருங்கள். திரும்பும்போது மருந்துப் பையோடு புளியங்கொட்டை முடிப்பையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். சிரட்டை இரண்டு உங்கள் வீட்டிலேயே இருக்கும்.